பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் உதறுவது ஏன்? – வாகனக் கேள்வி பதில்

பிரேக் மிதிக்கும்போது ஸ்டியரிங் உதறுகிறது என்று பல கடிதங்கள் சேர்ந்துவிட்டன. முறைப்பாடு ஒன்றுதான், ஆனால் பழுது இருக்கும் இடம் காருக்குக் கார் மாறுகிறது. எனவே இந்த இதழில் வேறு கேள்வி எதையும் எடுக்கவில்லை.

கேள்வி: என்னிடம் இருப்பது டொயோட்டா விட்ஸ். கொழும்புக்குள் காலி வீதியில் (Galle Road) ஓடும்போது ஒன்றும் தெரியாது. தெற்கு அதிவேக வீதியில் 100 இல் போய், வெளியேறும் இடத்தில் பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் கைக்குள் உதறும். 60க்குக் கீழே வந்ததும் நின்றுவிடும். டிஸ்க் வளைந்துவிட்டது என்று கராஜில் முன் டிஸ்க் இரண்டையும் பேட்களையும் புதிதாகப் பூட்டினார்கள். நாலு மாதம் நன்றாக இருந்தது. இப்போது பழையபடி உதறுகிறது. டிஸ்க் தரமில்லாததா?
– வாசகர், வெள்ளவத்தை

டிஸ்க்கைக் குறை சொல்வதற்கு முதல், டிஸ்க்கும் சில்லும் பூட்டப்படும் ஹப்பைப் பாருங்கள். புது டிஸ்க் பூட்டிய அன்றே உதறியிருந்தால் டிஸ்க்கைச் சந்தேகிக்கலாம். நாலு மாதம் ஒழுங்காக ஓடிவிட்டுப் பிறகு உதறினால் பெரும்பாலும் பூட்டிய விதத்தில்தான் பிழை.

வார்ப்பிரும்பு டிஸ்க் இலேசில் வளையாது. நடப்பது வேறு. ஹப்பின் முகத்தில் கறள் படிந்திருந்தால் டிஸ்க் அதில் முழுதாகப் படியாமல் ஒரு பக்கம் மயிரிழை சரிந்து நிற்கும். சில்லு சுற்றும்போது டிஸ்க் பக்கவாட்டில் ஆடும். பிரேக்கை விட்டிருக்கும் நேரத்திலும் பேட்கள் டிஸ்க்கை ஒட்டியே இருப்பதால், ஆடிவரும் பகுதி ஒவ்வொரு சுற்றிலும் பேட்டில் உரசிப் போகும். உரசுகிற இடம் மட்டும் தேயும். சில ஆயிரம் கிலோமீற்றரில் டிஸ்க்கின் தடிப்பு இடத்துக்கு இடம் மாறிவிடும். அதன் பிறகு பிரேக் மிதித்தால், தடித்த இடம் வரும்போது பிடி இறுகும், மெலிந்த இடத்தில் தளரும். ஒரு சுற்றுக்குள் நடக்கும் இந்த ஏற்ற இறக்கம்தான் சில்லையும் ஸ்டியரிங்கையும் இணைக்கும் ரொட் எண்ட் வழியாக உங்கள் கைக்கு வருகிறது. நாலு மாதக் கணக்கு அதனால்தான் வந்தது.

எவ்வளவு வித்தியாசம் இருந்தால் உதறும்? 0.02 மில்லிமீற்றரே போதும். ஒரு ஏ4 தாளின் தடிப்பு ஏறக்குறைய 0.1 மி.மீ., அதில் ஐந்தில் ஒரு பங்கு. டிஸ்க்கைக் கையால் தடவிவிட்டு “நல்லாத்தான் இருக்கு” என்று யாராவது சொன்னால் அது பேச்சுக்குத்தான்.

அதிவேக வீதியில் மட்டும் ஏன்? உங்கள் டயரின் சுற்றளவு ஏறக்குறைய 1.9 மீற்றர். 100 கி.மீ. வேகத்தில் சில்லு செக்கனுக்குச் சுமார் 15 முறை சுற்றும், 80இல் 12 முறை, 40இல் 6 முறை. சிறு கார்களின் முன் சஸ்பென்ஷனும் ஸ்டியரிங்கும் தாமாக அதிரத் தொடங்கும் எல்லை பெரும்பாலும் செக்கனுக்கு 10 முதல் 15 வரை. அந்த எல்லைக்குள் வரும்போது சின்ன அதிர்வும் பெரிதாகிறது. காலி வீதியில் 40இல் போகும்போதும் அதே டிஸ்க்தான் சுழல்கிறது, உங்களுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

இனிக் கராஜில் என்ன செய்யச் சொல்ல வேண்டும் என்று பார்ப்போம். பேட்களைப் பிடித்திருக்கும் கலிப்பரைக் கழற்றினால் கம்பியால் கட்டித் தொங்கவிட வேண்டும். பிரேக் எண்ணெய் வரும் ஹோஸில் தொங்கக்கூடாது. டிஸ்க் ஹப்பில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தால் சுத்தியலைத் தேட வேண்டாம். பெரும்பாலான ஜப்பான் கார்களின் டிஸ்க் முகத்தில் மரையிட்ட இரண்டு துளைகள் இருக்கும். 8 மி.மீ. போல்ட் இரண்டை அவற்றில் மாறி மாறி இறுக்கினால் டிஸ்க் தானாக வெளியே வரும். பிறகு ஹப் முகத்தை வயர் பிரஷ்ஷாலும் எமரி தாளாலும் பளபளக்கும்வரை சுத்தம் செய்ய வேண்டும். கறள் ஒளிந்திருக்கும் இடம் நட் ஏறும் ஸ்டட்களின் அடிப்பகுதி. ஒவ்வொரு ஸ்டட்டைச் சுற்றியும் வளையம்போல் படிந்திருக்கும். பிரஷ் அங்கே முழுதாகப் போகாது, அவசர வேலையில் விடுபடுவதும் அதுதான். அங்கே 0.05 மி.மீ. கறள் கிடந்தால் டிஸ்க்கின் விளிம்பில் ஆட்டம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். டிஸ்க்கின் உட்பக்க முகத்தையும் அதேபோலச் சுத்தம் செய்ய வேண்டும். படியும் முகத்தில் பெயின்டோ கிறீஸோ பூச வேண்டாம்.

அடுத்தது அளவு. டிஸ்க்கை ஹப்பில் வைத்து, எல்லா நட்டுகளையும் வாஷரோடு போட்டு இறுக்கிவிட்டு, விளிம்பிலிருந்து 10 மி.மீ. உள்ளே, மயிரிழை ஆட்டத்தையும் அளக்கும் டயல் கேஜின் முனையை வைத்து, ஒரு முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும். ஆட்டம் 0.05 மி.மீ.க்குள் இருந்தால் நல்லது. கூடினால், ஆடும் இடத்தை டிஸ்க்கிலும் ஹப்பிலும் சோக்கால் குறித்துவிட்டு, டிஸ்க்கைக் கழற்றி ஒரு துளை தள்ளிப் பூட்டித் திரும்ப அளக்க வேண்டும். மேடு டிஸ்க்கோடு சேர்ந்து நகர்ந்தால் குறை டிஸ்க்கில். ஹப்பின் அதே இடத்திலேயே நின்றால் குறை ஹப்பில் அல்லது பெயரிங்கில், அப்படியானால் எத்தனை டிஸ்க் மாற்றினாலும் பயனில்லை. நாலு நட் சில்லில் நாலு நிலையும் பார்த்து, ஆட்டம் மிகக் குறைந்த நிலையில் விட்டுவிடலாம். இதற்குச் செலவு ஒன்றுமில்லை, நேரம் மட்டும்தான்.

இப்போது பூட்டியிருக்கும் டிஸ்க்கை எறிய அவசரப்படாதீர்கள். மைக்ரோமீற்றரால் சுற்றிவர எட்டு இடத்தில் தடிப்பை அளந்து பாருங்கள். டிஸ்க்கில் குறைந்தபட்சத் தடிப்பு அச்சிடப்பட்டிருக்கும். கடைந்த பிறகும் அதற்கு மேல் மிஞ்சுமானால் லேத்தில் இரு முகத்தையும் மெல்லியதாகக் கடைந்து எடுக்கலாம். ஹப்பைச் சுத்தம் செய்யாமல் கடைந்து மட்டும் பூட்டினால் இன்னொரு நாலு மாதத்தில் இதே கடிதத்தை எழுத வேண்டிவரும்.

கடைசியாக நட் இறுக்கம். பஞ்சர் கடையில் எயார் கன்னால் ஒன்றை உயிர் போக இறுக்கி, அடுத்ததை அரைகுறையாக விட்டால், சுத்தமான ஹப்பிலும் டிஸ்க் சரியும். டொயோட்டா சிறு கார்களுக்கு 103 நியூட்டன் மீற்றர், ஹொண்டாவுக்கு 108, சுசுகி வேகன்ஆருக்கு 85. உங்கள் கைநூலில் இருக்கும் எண்தான் இறுதி. ஒன்று விட்டு ஒன்றாக, எதிரெதிரே, இரண்டு சுற்றாக இறுக்க வேண்டும். முதல் சுற்றில் பாதி, கார் நிலத்தில் இறங்கியதும் டோர்க் ரென்ச்சால் முழுதும். 100 கி.மீ. ஓடிய பிறகு ஒருமுறை சரிபாருங்கள்.

கேள்வி: காலையில் ஒன்றுமில்லை. அரை மணித்தியாலம் ஓடிய பிறகு பிரேக் மிதித்தால் உதறுகிறது. இடது முன் சில்லுப் பக்கம் கருகிய வாசம் வருகிறது. ரிம்மில் கை வைக்க முடியவில்லை.
– வாசகர், கொட்டாஞ்சேனை

இது முதல் கேள்வியைவிட அவசரமானது. சரியாகும்வரை நீண்ட தூரம் போக வேண்டாம்.

இடது கலிப்பர் பிடித்ததை விடுவதில்லை. பேட் எந்நேரமும் உரசி, டிஸ்க் சூடாகி, சூட்டில் பேட்டின் பொருள் டிஸ்க்கில் திட்டுத்திட்டாக ஒட்டுகிறது. நீலம் பாய்ந்த அல்லது கறுத்த திட்டுகள் டிஸ்க்கில் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

இதற்கு மூன்று காரணம் இருக்கலாம். எது என்பதைக் கழற்றாமலே ஓரளவு பிரிக்கலாம். ஓடி வந்த சூட்டோடு அந்தச் சில்லை ஜக்கில் தூக்கிச் சுற்றிப் பாருங்கள், இறுகியிருக்கும். கலிப்பரின் காற்றெடுக்கும் நிப்பிளைக் கொஞ்சம் தளர்த்துங்கள். எண்ணெய் பீறிட்டுச் சில்லு இலகுவானால் அழுத்தம் உள்ளே சிக்கியிருக்கிறது. பெரும்பாலும் பழைய பிரேக் ஹோஸின் உட்புறம் ஊதி வழியை அடைத்திருக்கும். மிதிக்கும் வேகத்தில் எண்ணெய் போய்விடும், திரும்பி வராது. தளர்த்தியும் சில்லு இலகுவாகாவிட்டால் பேட்டைத் தள்ளும் பிஸ்டனோ, கலிப்பர் நகர்ந்துகொடுக்கும் ஸ்லைட் பின்னோ இறுகியிருக்கிறது. கழற்றிய பேட்களைப் பார்த்தாலும் தெரியும். உள் பேட் நிறையத் தேய்ந்து வெளிப் பேட் தடிப்பாக இருந்தால் ஸ்லைட் பின் மீதுதான் முதல் சந்தேகம்.

ஸ்லைட் பின்னில் நடக்கும் பிழை இரண்டு. ஒன்று கிறீஸ். கராஜ் டப்பாவில் இருக்கும் சாதாரண மஞ்சள் கிறீஸைப் பூசினால் றப்பர் ஊதிப் பின்னை இறுகப் பிடிக்கும். பிரேக்குக்கென்று விற்கும் சிலிக்கன் கிறீஸ் மட்டும், அதுவும் மெல்லிய பூச்சாக. துளையை நிரப்பினால் காற்று அடைபட்டு ஸ்லைட் பின் உள்ளே போகாது. மற்றது இடமாற்றம். சில கலிப்பர்களில் ஒரு பின்னின் நுனியில் றப்பர் புஷ் இருக்கும், மற்றதில் இராது. எது மேலே, எது கீழே என்று கழற்றும்போதே குறித்துக்கொள்ளாவிட்டால் மாறிப் பூட்டி இறுகிவிடும்.

கேள்வி: எனக்கு பிரேக் மிதிக்காமலே 90இல் ஸ்டியரிங் ஆடுகிறது. மிதித்தால் கொஞ்சம் கூடும். இதுவும் டிஸ்க்கா?
– வாசகர், வத்தளை

இல்லை. பிரேக்கைத் தொடாமலே ஆடுவது சில்லின் பிரச்சினை. முதலில் வீல் பாலன்சிங். பாலன்சிங் செய்தும் போகாவிட்டால், இயந்திரத்தில் சில்லைச் சுற்றவிட்டு ரிம்மின் உதட்டையும் டயரின் ஓட்டத்தையும் பக்கத்திலிருந்து பாருங்கள். குழியில் அடிபட்டு வளைந்த ரிம்முக்கு ஈயம் ஒட்டி எடை சரிபார்க்கலாம், வட்டம் சரிவராது.

வெளியில் வாங்கிய அலோய் ரிம் போட்டிருக்கிறீர்களா? அவற்றின் நடுத் துளை எல்லாக் காருக்கும் பொருந்தட்டும் என்று பெரிதாக, பெரும்பாலும் 73.1 மி.மீ. ஆக இருக்கும். டொயோட்டா சிறு கார்களின் ஹப் 54.1, ஹொண்டா ஃபிட்டுக்கு 56.1. இடைவெளியை நிரப்பும் வளையம் போடாவிட்டால் சில்லு நடுவில் உட்காராது. வளையம் மலிவான சாமான். டயர் மாற்றும்போது கடையில் தவறிப்போவதும் அதுவே.

இவையெல்லாம் சரியாக இருந்தும் மிதிக்கும்போது கூடுகிறது என்றால் சில்லைக் காரோடு பிணைக்கும் லோவர் ஆர்மின் பின்பக்க றப்பர் புஷ், போல் ஜொயின்ட், ரொட் எண்ட் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். கிழிந்த புஷ் உதறலை உண்டாக்காது, இருக்கிற சிறு உதறலைப் பெருக்கிக் காட்டும்.

கேள்வி: டொயோட்டா அக்குவா ஹைபிரிட். கொழும்புக்குள் உதறலே இல்லை. நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாக இறங்கும்போது மட்டும் ஒவ்வொரு வளைவிலும் உதறுகிறது. கராஜில் ஓடிப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்கிறார்கள்.
– வாசகர், தெஹிவளை

கராஜ்காரர் பொய் சொல்லவில்லை. பக்கத்து ஒழுங்கையில் ஒரு சுற்று ஓடினால் தெரியாதுதான்.

ஹைபிரிட்டில் மெதுவாக மிதிக்கும்போது காரை மறிப்பது பெரும்பாலும் மோட்டார். அது மின்னாக்கியாக மாறி பற்றரியை நிரப்புகிறது. டிஸ்க்கும் பேட்டும் முழுதாக வேலை செய்வது, நிற்கப் போகும் கடைசிச் சில மீற்றரிலும் பலமாக மிதிக்கும்போதும்தான். நீண்ட இறக்கத்தில் பற்றரி நிறைந்துவிடும். அதற்கு மேல் மின்னைப் போட இடமில்லாததால் பாரம் பேட்களுக்கு வருகிறது. ஆகவே டிஸ்க்கில் ஏற்கெனவே இருந்த குறை மலையில் வெளிப்படுகிறது. இறக்கத்தில் கியரை ‘B’யில் (பார்க்கிங் ‘P’ அல்ல) போட்டால் எஞ்ஜினும் சேர்ந்து மறிக்கும், பேட்டுக்குச் சூடு குறையும்.

கொழும்பில், அதுவும் கடற்கரையோரமாக நிற்கும் ஹைபிரிட்களில், டிஸ்க் தேய்ந்து போவதைவிடக் கறள் பிடித்தே கெடுகிறது. வேலை குறைவு, உப்புக் காற்று நிறைய. பல நாள் நிறுத்திய காரில் பேட் மூடியிருந்த பகுதியின் வடிவம் டிஸ்க்கில் அச்சாகப் பதிந்திருக்கும். மேலோட்டமான கறள் நாலைந்து நல்ல பிரேக்கில் போய்விடும். குழி விழுந்திருந்தால் போகாது. வாரத்தில் ஓரிரு முறை, பின்னால் வாகனம் இல்லாத இடத்தில் 60இலிருந்து சற்றுப் பலமாகப் பிரேக் பிடிப்பது இந்தக் கார்களுக்கு நல்லது.

வேலை செய்பவருக்கு ஒரு எச்சரிக்கை. இந்தக் கார்களில் பிரேக் பம்ப் மின்சாரத்தில் தானாக அழுத்தம் ஏற்றக்கூடியது. காரை அணைத்த பிறகும் சாரதி கதவைத் திறந்தால் அது விழிக்கும். பேட்டைக் கழற்றியிருக்கும் நேரத்தில் அப்படி நடந்தால் பிஸ்டன் வெளியே தள்ளப்படலாம், விரல் நடுவில் இருந்தால் நசுங்கும். திறப்பைத் தூரத்தில் வைத்து, கதவைத் திறக்காமல், பெடலைத் தொடாமல் வேலை செய்ய வேண்டும். ஸ்கேனரில் பிரேக் கட்டுப்பாட்டை முடக்கிவிட்டுத் தொடங்கும் கராஜ் இருந்தால் அங்கே கொடுங்கள்.

கேள்வி: ஸ்டியரிங் அசையவில்லை. பெடல் காலைத் தள்ளுகிறது, சீட்டும் அதிர்கிறது.
– வாசகர், மட்டக்குளி

பின் பக்கத்தைப் பாருங்கள். பின் பிரேக் ட்ரம் வகையும் ஹேண்ட் பிரேக் கையால் இழுப்பதுமாக இருந்தால், ஆளில்லாத வெறும் மைதானத்தில், உலர்ந்த தரையில், 30–40 வேகத்தில், பொத்தானை அமுக்கிப் பிடித்தபடியே லிவரை மெதுவாக இழுங்கள். பெடலைத் தொடாமலே அதிர்ந்தால் ட்ரம் வட்டம் இழந்திருக்கிறது. பொத்தானை விட்டுவிட்டால் சில்லு பூட்டிக்கொள்ளும், கவனம். மின் ஹேண்ட் பிரேக் உள்ள காரில் இதைச் செய்யவே வேண்டாம்.

மழையில் சறுக்கும்போது மட்டும் பெடல் படபடவென்று அடித்தால் அது சில்லு பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ், பழுதல்ல.

கேள்வி: பஞ்சிகாவத்தையில் ரீகண்டிஷன் டிஸ்க் சோடியாக வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்குவது?
– வாசகர், மருதானை

வாங்கலாம், அளந்து வாங்கினால். தடிப்பை அளக்கும் வேணியரைக் கொண்டு போங்கள், ஆனால் அப்படியே விளிம்பில் வைத்து அளக்காதீர்கள். பேட் படாத வெளி விளிம்பு தேயாமல் உதடுபோல் உயர்ந்து நிற்கும். வேணியரின் தாடை அந்த உதட்டில் உட்கார்ந்து, தேய்ந்த டிஸ்க்கைத் தடிப்பானதாகக் காட்டும். ஒரே வகை நாணயம் இரண்டை எடுங்கள். முதலில் இரண்டையும் சேர்த்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு உதட்டுக்கு உள்ளே, பேட் ஓடும் தடத்தில், இரு பக்கமும் ஒவ்வொரு நாணயத்தை வைத்து அளந்து, நாணயங்களின் தடிப்பைக் கழியுங்கள். வரும் எண் அச்சிட்ட குறைந்தபட்சத் தடிப்பைவிட ஒரு மில்லிமீற்றராவது கூட இருந்தால்தான் கடைந்து பூட்டப் பெறுமதி. கடையாமல் பூட்ட வேண்டாம், இன்னொரு காரின் பேட் உண்டாக்கிய பள்ளங்களில் உங்கள் புதுப் பேட் முழுதாகப் படியாது. டிஸ்க்கின் நடுவில் தொப்பிபோல் மேடாக நிற்கும் பகுதியில் வெடிப்பும் காற்றுத் துவாரங்களுக்கிடையில் உதிரும் கறளும் இருந்தால் விலை கேட்கவே வேண்டாம்.

புத்தம் புது டிஸ்க் என்றால் அதில் கறள் தடுப்பு எண்ணெய் பூசியிருக்கும். பிரேக் கிளீனரால் துடைத்த பிறகே பேட் பூட்ட வேண்டும். அதன் பின் 60இலிருந்து 15 வரை நடுத்தரப் பலத்தில் எட்டுப் பத்து முறை, இடையிடையே அரை நிமிடம் ஓடவிட்டு, முழுதாக நிற்காமல் பிரேக் பிடியுங்கள். முடிந்ததும் சில கிலோமீற்றர் பிரேக்கைத் தொடாமல் ஓடி ஆறவிடுங்கள். சூட்டோடு நின்று பெடலை அமுக்கியபடி இருந்தால் பேட்டின் பொருள் ஒரே இடத்தில் ஒட்டி, முதல் நாளிலேயே உதறல் தொடங்கும்.

கேள்வி: தூரப் பயணம் முடிந்து நேரே சேவிஸ் ஸ்டேஷனில் விட்டுக் கழுவுவது பிரேக்குக்குக் கூடாதா?
– வாசகர், நுகேகொடை

கூடாது. சூடான வார்ப்பிரும்பில் ஒரு பக்கம் மட்டும் குளிர்ந்த நீர் பீச்சினால் சீரில்லாமல் சுருங்கும், சில டிஸ்க்கில் மயிரிழை வெடிப்பும் விழும். அரை மணித்தியாலம் நிறுத்தி ஆறவிட்டுக் கொடுங்கள். வரிசை இருந்தால் அந்த நேரம் தானாகவே போய்விடும். கழுவி எடுத்ததும் மெதுவாக ஓடி இரண்டு மூன்று முறை பிரேக் பிடித்து டிஸ்க்கைக் காயவைத்துவிட்டு நிறுத்துங்கள்.